எட்டு எலும்பு

அழைப்பு மையத்தில் என் நாற்காலி எண் பதினாறு.
நாளுக்கு எண்பது பேர் கேட்கிறார்கள்,
நெட் ஏன் வரவில்லை, ஏன் வரவில்லை என்று.
எண்பது பேருக்கும் ஒரே பதில்:
அணைத்துவிட்டு, முப்பது வரை எண்ணி, மறுபடி போடுங்கள்.
பெரும்பாலும் வந்துவிடும்.
ஏன் வந்தது என்று யாரும் கேட்டதில்லை.
நல்லவேளை.
எனக்கும் தெரியாது.

அதனால்தான் இந்தத் தேர்வு.
நெட்வொர்க் படிப்பின் அரிச்சுவடி.
தேறினால் மேல்மாடிக்குப் போகலாம்,
காதில் ஹெட்போன் மாட்டாத ஆட்களிடம்.

எப்படிப் படிப்பது என்று கேட்டால்
உலான்பத்தாரில் ஆளுக்கொரு வழி.
டொல்கோன் வகுப்புக்குப் போனாள்.
மூன்று மாதம், சனி ஞாயிறு,
ஒன்பது லட்சம் துக்ரிக், மதியச் சாப்பாடு உட்பட.
எனக்கு ஒன்பது லட்சம் என்பது
குளிர்காலம் முழுதுக்கும் கரிக்கட்டி,
மகளுக்கு பூட்ஸ், மீதிக்கு மாவு.

மேல்மாடி பட்சூரி, வீடியோ போதும் என்றார்.
இலவசம்தானே, இரவில் பார்.
எங்கள் கெர் கூடாரத்தில் இரவில் சிக்னல்
புகை தணிந்த பிறகே வருகிறது,
அல்லது எனக்கு அப்படித் தோன்றுகிறது.

நூலகத்தில் ரஷ்ய மொழிப் புத்தகம் ஒன்று,
செங்கல் கனம்.
முந்நூறாம் பக்கத்தில் யாரோ அழுதிருக்கிறார்கள்.
தேநீர்க் கறையாகவும் இருக்கலாம்.

ஷிஜிரிடம்தான் சுலப வழி இருந்தது.
நாரான்துல் சந்தை, கடைசி வரிசை.
"கேள்வியும் விடையும், இருநூற்றுப் பன்னிரண்டு தாள்.
புரிய வேண்டாம், மனப்பாடம் பண்ணு.
முப்பதாயிரம்."
வாங்கினேன்.
பொய் சொல்ல மாட்டேன், பேரம் பேசி வாங்கினேன்.

பேருந்து ஜன்னலின் உறைபனியில்
விரலால் எழுதிப் பார்ப்பேன்:
நாற்பத்தாறு, இ. நாற்பத்தேழு, அ.
எதிர் இருக்கைக் கிழவர் அதை
ஏதோ லாட்டரி என்று நினைத்து
குறித்துக்கொண்டார்.

ஒருநாள் கரண்ட் போயிற்று.
அடுப்பு வெளிச்சத்தில் உயங்கா
ஆட்டுக் கணுக்கால் எலும்புகளை உருட்டிக்கொண்டிருந்தாள்.
குதிரை, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு,
நாலு விதமாக விழும் எலும்பு.
எட்டை வாங்கி வரிசையாக வைத்தேன்.
குதிரை என்றால் ஒன்று,
வெள்ளாடு என்றால் சுழி.
ஒட்டகத்தையும் செம்மறியையும்
ஆட்டத்தை விட்டே அனுப்பிவிட்டோம், பாவம்.

இடது ஓரம் நூற்று இருபத்தெட்டு,
அடுத்தது அதில் பாதி,
அதற்கடுத்தது அதில் பாதி.
குதிரை வெள்ளாடு குதிரை வெள்ளாடு குதிரை,
பிறகு மூன்று வெள்ளாடு.
"நூற்று அறுபத்தெட்டு!" என்று கத்தினாள்.
தினமும் வாடிக்கையாளருக்கு நான் ஒப்பிக்கும் எண்.
அதற்கு உடம்பு இருப்பது அன்றுதான் தெரிந்தது.

நாற்பத்தேழாம் கேள்வியை வைத்தேன்.
முதல் மூன்று எலும்பு தெருவுக்கு,
கடைசி ஐந்து வீட்டுக்கு. எத்தனை வீடு?
ஷிஜிரின் தாள் சொன்னது முப்பத்திரண்டு.
செங்கல் புத்தகம் வேறு எதையோ சொல்லியிருந்தது:
ஐந்தும் வெள்ளாடானால் அது தெருவின் பெயர்.
ஐந்தும் குதிரையானால் தெரு முழுக்கக் கூவும் குரல்.
இரண்டிலும் யாரும் குடியிருக்க முடியாது.

"அப்போ முப்பது" என்றாள் உயங்கா.
"முப்பத்திரண்டு யார் எழுதினது?"
ஷிஜிர்.
"மிச்ச ரெண்டு வீட்டுல அவன் இருக்கானா?"

தேர்வை மார்ச்சிலிருந்து ஜூனுக்குத் தள்ளினேன்.
தாள்களை எறியவில்லை, காசு கொடுத்தது.
காலைக்கு ஆறு தாள்,
எலும்பு வைத்துச் சண்டை போட்டுவிட்டு
அடுப்புக்குள்.
சாகான் சார் பண்டிகை வரைக்கும் வந்தது.
சரியான விடையும் தப்பான விடையும்
ஒரே மாதிரிதான் பற்றிக்கொள்கின்றன.

நேற்று தார்கானிலிருந்து ஒருவர்.
வீட்டில் எல்லா விளக்கும் பைத்தியமாக மின்னுகிறதாம்.
"தெரியும், அணைத்துப் போடணும்" என்றார் அவரே.
பொறுங்கள், என்றேன்.
அந்த நீலக் கேபிளின் மறுமுனை எங்கே போகிறது?
போனை வைத்துவிட்டுத் தேடப் போனார்.
நாய் குரைத்தது. ஏதோ பாத்திரம் விழுந்தது.
என் திரையில் நிமிடங்கள்
மஞ்சளாகி, சிவப்பாயின.
"அதே பெட்டியில்தான் செருகியிருக்கு.
தரையில் தொங்கினால் அசிங்கமா இருக்காம்,
பெண்டாட்டி வேலை."

ஒரு முனையைப் பிடுங்கச் சொன்னேன்.
விளக்குகள் அடங்கின.
பதினொரு நிமிடம்.
மேற்பார்வையாளர் எழுந்து வருகிறார்,
கையில் என் நாற்காலி எண் எழுதிய தாளோடு.